3 மணி 40 நிமிடக் கல்யாண வீடியோவை ஒரே டிவிடியில் அடக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அத்தை மகள் கல்யாண வீடியோ எடிட்டிங் முடிந்து வந்தபோது 3 மணி 40 நிமிடம் இருந்தது. வீடியோ எடுத்தவர் அதை இரண்டு டிவிடியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். முதல் தட்டில் பெண் அழைப்பும் ரிசப்ஷனும், இரண்டாவதில் முகூர்த்தம். அத்தைக்கு அது சரிப்படவில்லை. "நடுவுல எந்திரிச்சுப் போய் யாருடா தட்டை மாத்திக்கிட்டு இருக்கிறது? ஒண்ணாப் போட்டுக் குடு" என்று சொல்லி, முழு வீடியோ இருந்த பென்டிரைவை என் கையில் திணித்துவிட்டார். அவர் வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயர். பென்டிரைவ் சொருக இடம் கிடையாது, எம்.பி.4 ஃபைலும் ஓடாது. ஆக, முறையான டிவிடி வீடியோவாகத்தான் போட வேண்டும்.

முதல் தடவை சோம்பேறித்தனமாகத்தான் செய்தேன். இலவச மென்பொருள் ஒன்றில் வீடியோவை இழுத்துப் போட்டு, டிஸ்க்கில் அடங்கும்படி சுருக்கு என்ற கட்டத்தை டிக் செய்து, பர்ன் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அடங்கத்தான் அடங்கியது. ரிசப்ஷன் மேடை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கெட்டிமேளம் கொட்டி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நொடியில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, பெண்ணின் முகம் செங்கல் அடுக்கியதுபோல் ஆகிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தேன். அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்களுடையது காதுகுத்தோ கோயில் கொடையோ பள்ளி ஆண்டு விழாவோ, கணக்கு ஒன்றுதான்.

தாலி கட்டும் நொடியில் ஏன் உடைகிறது?

டிவிடி வீடியோ எம்பெக் 2 என்ற முறையில் சுருக்கப்படுகிறது. அது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஃபிரேம்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். ரிசப்ஷன் மேடையில் சோபாவும் பூ அலங்காரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆட்கள் வருகிறார்கள், கவரைக் கொடுக்கிறார்கள், கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள், இறங்குகிறார்கள். குறிப்பெழுத அதிகம் இல்லை.

முகூர்த்த நேரத்தைப் பாருங்கள். நூறு கை ஒரே சமயத்தில் அட்சதை வீசுகிறது, ஒவ்வொரு அரிசியும் தன் போக்கில் பறக்கிறது. ஓமப் புகை நொடிக்கு நொடி உருமாறுகிறது. நாலு பக்கமும் ஃபிளாஷ் அடிக்கிறது. ஒரு ஃபிரேம் வெள்ளையாகி அடுத்தது பழையபடி வந்தால், முந்தைய ஃபிரேமை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. போதாக்குறைக்குப் பட்டுச்சேலை ஜரிகையும் பின்னால் மினுக்கும் சீரியல் லைட்டும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருளான என்கோடருக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. எல்லோரும் பார்க்கக் காத்திருக்கும் அந்த அரை நிமிடம்தான் முழு வீடியோவிலும் சுருக்கக் கடினமான அரை நிமிடம்.

பிட்ரேட் என்பது ஒரு நொடிப் படத்துக்கு எத்தனை பிட் செலவழிக்கலாம் என்ற அளவு. எல்லா நொடிக்கும் சமமாகப் படியளந்தால் மேடை வரிசைக்குத் தேவைக்கு மேல் போகும், தாலிக்குப் பற்றாமல் போகும். நான் முதலில் போட்ட டிஸ்க்கில் நடந்தது இதுதான்.

படி 1: ஆறு லட்சத்தை நிமிடத்தால் வகுங்கள்

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 470 கோடி பைட். கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பைட்டுக்கு 8 பிட். 4.7 ஜிபியை எட்டால் பெருக்கினால் 3 கோடியே 76 லட்சம் கிலோபிட் வரும் (ஒரு கிலோபிட் என்பது ஆயிரம் பிட்). படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கோக்கும்போது சேரும் உபரி, மெனு, டிஸ்க் ஓரத்தில் கொஞ்சம் காலி இடம், இவற்றுக்காக 16 லட்சத்தைத் தள்ளிவிடுங்கள். மிச்சம் 3 கோடியே 60 லட்சம். இதை 60 நொடியால் வகுத்தால் 6 லட்சம். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த எண் ஒன்றுதான்.

6,00,000 ÷ வீடியோவின் நிமிடங்கள் = படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நொடிக்கு இத்தனை கிலோபிட்.

- 90 நிமிடம்: 6,667
- 120 நிமிடம்: 5,000
- 150 நிமிடம்: 4,000
- 180 நிமிடம்: 3,333
- 240 நிமிடம்: 2,500
- 300 நிமிடம்: 2,000

ஒரு மணி நேர வீடியோவுக்கு 10,000 வருகிறதே என்று அப்படியே கொடுத்துவிடாதீர்கள். டிவிடி விதிப்படி படத்துக்கு உச்சம் 9,800, படமும் ஒலியும் சேர்ந்து 10,080. வீட்டில் பர்ன் செய்த டிஸ்க்கில் அந்த உச்சத்தை நெருங்கினால் பழைய பிளேயர்கள் திக்கும். நான் 8,000-ஐத் தாண்டுவதே இல்லை.

அத்தை வீட்டு வீடியோ 220 நிமிடம். 6,00,000-ஐ 220-ஆல் வகுத்தால் 2,727. இதற்குள் ஒலியும் அடக்கம்.

என் கண்ணுக்குப் பட்ட கணக்கைச் சொல்கிறேன். படத்துக்கு மட்டும் 5,000-க்கு மேல் இருந்தால் கவலையே வேண்டாம். 3,500 முதல் 5,000 வரை நல்லாவே இருக்கும். 2,500 முதல் 3,500 வரை பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதற்கும் கீழே போனால் இரண்டு டிஸ்க்கா, படத்தின் அகலத்தைக் குறைப்பதா என்று யோசிக்க வேண்டிய இடம்.

படி 2: ஒலியில் ஒளிந்திருக்கும் இடத்தை மீட்டெடுங்கள்

சில எடிட்டிங் மென்பொருள்கள் டிவிடிக்கு ஏற்றுமதி செய்யும்போது ஒலியைச் சுருக்காத பி.சி.எம். வடிவில் கொடுத்துவிடும். அது நொடிக்கு 1,536 கிலோபிட். 220 நிமிடத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒலி மட்டுமே 2.5 ஜிபி! டிஸ்க்கில் பாதிக்கு மேல் நாதஸ்வரத்துக்கே போய்விட்டால் படத்துக்கு என்ன மிஞ்சும்?

ஏசி 3 என்ற சுருக்கிய ஒலி வடிவில், ஸ்டீரியோவாக, நொடிக்கு 192 கிலோபிட் வையுங்கள். அதே 220 நிமிடம் 317 எம்பியில் முடிந்துவிடும். மண்டபத்து மைக்கில் பதிவான ஒலிக்கும் மேலே ஒட்டிய சினிமாப் பாட்டுக்கும் இது தாராளம். 448 வைத்தால் கூடுதலாக 420 எம்பி போகும், டிவி ஸ்பீக்கரில் ஒரு மாற்றமும் கேட்காது. கச்சேரிப் பதிவாக இருந்தால் மட்டும் 256 வைப்பேன்.

2,727-இல் 192 போனால் படத்துக்கு 2,535. கையைக் கடிக்கிறது.

படி 3: பிட்ரேட்டைக் குறைக்கும் முன் நிமிடத்தைக் குறையுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த மென்பொருளும் தராத தெளிவை ஒரு கத்தரிக்கோல் தரும். எங்கள் வீடியோவில் ரிசப்ஷன் வரிசை மட்டும் 45 நிமிடம். ஒவ்வொரு குடும்பமும் மேடை ஏறி, நின்று, சிரித்து, இறங்கும் வரை விடாமல் ஓடுகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் நாலைந்து நொடி விட்டு, நடுவில் ஆள் நகரும் நேரத்தை வெட்டினேன். சாப்பாட்டுப் பந்தியில் ஒரே இலையைச் சுற்றிச் சுற்றி வந்ததும் போனது. மொத்தம் 25 நிமிடம் மிச்சம்.

இப்போது 195 நிமிடம். 6,00,000 ÷ 195 = 3,077. ஒலி போகப் படத்துக்கு 2,885. ஒரு நொடிக்கு 350 கிலோபிட் கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

வெட்டாத முழு வீடியோவைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கடைசியில் புரியும்.

படி 4: மூலத்தைச் சுத்தமாக எடுங்கள்

ஏற்கெனவே வாட்ஸ்அப்புக்காகவோ யூடியூபுக்காகவோ சுருக்கிய ஃபைலிலிருந்து டிவிடி செய்யாதீர்கள். அதில் உள்ள சின்னச் சின்னக் கட்டங்களையும் என்கோடர் படத்தின் நுணுக்கம் என்று நினைத்து அதற்கும் பிட் செலவழிக்கும். எடிட்டரிடம் கேட்டு அதிகத் தரத்தில் எடுத்த ஃபைலை வாங்குங்கள்.

விடியற்காலை முகூர்த்தம் என்றால் இன்னொரு சிக்கல். மங்கல் வெளிச்சத்தில் கேமராவின் கெயினை, அதாவது படத்தை வெளிச்சமாக்கும் அளவை, ஏற்றி எடுத்த காட்சியில் இருட்டான மூலைகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஆடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும் அந்தப் புள்ளிகளைச் சுருக்குவதும் அட்சதையைச் சுருக்குவதுபோலக் கஷ்டம்தான். அந்தக் காட்சிகளுக்கு மட்டும் லேசாக நாய்ஸ் நீக்கும் ஃபில்டர் போடுங்கள். லேசாகத்தான். அதிகமானால் எல்லோர் முகமும் மெழுகு பொம்மையாகிவிடும்.

அளவு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நம் ஊருக்குப் பால் (PAL) என்ற டிவி முறை: 720-க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். அகலத்திரையில் எடுத்திருந்தால் 16-க்கு 9 என்று குறிப்பிட மறக்காதீர்கள். மறந்தால் ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். பழைய மினி டிவி (MiniDV) கேசட்டிலிருந்து எடுத்த படம் இன்டர்லேஸ்டு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு ஃபீல்டுகளாகப் பிரிந்திருக்கும்; அதற்கு ஃபீல்டு வரிசை கீழ் ஃபீல்டு முதலில். எச்டி கேமராவின் இன்டர்லேஸ்டு படத்துக்குப் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். இதை மாற்றிக் கொடுத்தால் நடக்கும் ஆள் முன்னும் பின்னும் உதறுவார். பிட்ரேட் பற்றாக்குறை என்று நினைத்துப் பலர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கோளாறு இது.

படி 5: டூ பாஸ் வைத்து என்கோட் செய்யுங்கள்

டூ பாஸ் என்றால் என்கோடர் வீடியோவை முதலில் ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்து, எங்கே சுலபம், எங்கே கடினம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறைதான் உண்மையில் சுருக்குகிறது. மேடை வரிசையில் மிச்சம் பிடித்ததை அட்சதைக்குக் கொடுக்கிறது. மொத்த அளவு மாறுவதில்லை, பங்கீடுதான் மாறுகிறது. நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள்.

நான் பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள். பால் டிவிடி என்ற டார்கெட்டைக் கொடுத்தால் அளவு, ஃபிரேம், மற்ற விதிகள் எல்லாவற்றையும் அதுவே அமைத்துக்கொள்ளும். ஆனால் படத்துக்கு 6,000, ஒலிக்கு 448 என்று அதன் சொந்த எண்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் நம் 220 நிமிடம் 10 ஜிபியைத் தாண்டிவிடும். அதனால் சராசரி பிட்ரேட், உச்சம் 8,000, ஒலி 192 ஆகிய மூன்றையும் நீங்களே கொடுங்கள். வேறு மென்பொருள் என்றால் எல்லா நொடிக்கும் சமமாகக் கொடுக்கும் கான்ஸ்டன்ட் பிட்ரேட்டைத் தவிர்த்து, தேவைக்கேற்ப மாறும் வேரியபிள், டூ பாஸ் என்பதைத் தேடித் தேர்ந்தெடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இந்த வேலைக்கு ஆகாது, அது டிவிடி வீடியோ செய்வதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். எது கடினம் என்று என்கோடருக்குத் தெரியும். எது முக்கியம் என்று தெரியாது. பந்தியில் ஆவி பறக்கும் சாம்பார் வாளிக்கும் தாலிக்கும் அதற்கு வித்தியாசம் கிடையாது. அதனால் நான் வீடியோவை இரண்டு ஃபைலாகப் பிரித்துக்கொண்டேன்: முகூர்த்தம் 75 நிமிடம், மற்றவை 120 நிமிடம். மொத்தக் கையிருப்பு 195 × 2,885, அதாவது 5,62,575. முகூர்த்தத்துக்கு 3,800 ஒதுக்கினால் 75 நிமிடத்துக்கு 2,85,000 போகும். மிச்சம் 2,77,575-ஐ 120-ஆல் வகுத்தால் 2,313. ரிசப்ஷன் மேடைக்கு அது போதும். இரண்டையும் தனித்தனியே டூ பாஸில் போட்டேன்.

படி 6: முழுதாக ஓட்டும் முன் ஒரு துண்டைச் சோதியுங்கள்

ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் ஏமாறுவதைவிட, ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிச் சோதித்தால் முடிவு தப்பாக வரும். கடன் வாங்கப் பக்கத்தில் சுலபமான காட்சி இல்லாததால், உண்மையில் வரப்போவதைவிட மோசமாகத் தெரியும். தாலிக்கு முன்னால் சடங்குகள் நிதானமாக நடக்கும் நாலு நிமிடத்தையும் சேர்த்து வெட்டுங்கள்.

லேப்டாப்பில் பார்க்காதீர்கள். அழித்து எழுதும் டிஸ்க் ஒன்றில் போட்டு, அதே பிளேயரில், அதே டிவியில், அத்தை உட்காரும் நாற்காலியின் தூரத்திலிருந்து பாருங்கள். பழைய குழல் டிவி பல குறைகளை மறைத்துவிடும். பெரிய எல்இடி டிவி ஒவ்வொரு கட்டத்தையும் ஊதிக் காட்டும்.

கட்டம் இன்னும் தெரிகிறதா? ஒரு வழி உண்டு. 720-க்குப் பதில் 352-க்கு 576 என்ற பாதி அகலத்தையும் டிவிடி விதி அனுமதிக்கிறது. பிக்சல் பாதியாகிவிடுவதால் அதே பிட்ரேட்டில் கட்டம் மறைந்து, படம் கொஞ்சம் மொழுக்கென்று தெரியும். முழு வீடியோவின் சராசரியே 2,500-க்குக் கீழே இருந்தால் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மங்கலைக் கண் மன்னித்துவிடும், கட்டத்தை மன்னிக்காது. 1,500-க்குக் கீழே போகிறதென்றால் விட்டுவிடுங்கள், இரண்டு தட்டே மேல்.

இரட்டை அடுக்கு டிவிடியும் கிடைக்கிறது. கொள்ளளவு 8.5 ஜிபி. அதற்கு ஆறு லட்சத்துக்குப் பதில் 10 லட்சத்து 80 ஆயிரத்தை வகுங்கள். 220 நிமிடத்துக்கு 4,900 வரும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. விலை கூடுதல், சில பழைய பிளேயர்கள் அடுக்கு மாறும் இடத்தில் நின்றுவிடும். அத்தை வீட்டுப் பிளேயரை நான் நம்பவில்லை.

படி 7: மெனு, சாப்டர்

டிவிடி ஸ்டைலர் என்ற மென்பொருள் இலவசம், இதற்குப் போதும். நீங்கள் என்கோட் செய்த ஃபைலைச் சேர்த்ததும் அதன் பண்புகளைத் திறந்து, படமும் ஒலியும் காப்பி என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மறுபடி ஒருமுறை சுருக்கும், ராத்திரி வேலை வீணாகிவிடும். பாட்டோடு ஆடும் மெனு எல்லாம் வேண்டாம். ஒரு போட்டோ, இரண்டு பட்டன்.

முகூர்த்தத்தை முதல் டைட்டிலாக, அதாவது டிஸ்க்கின் முதல் பகுதியாக, வைத்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதிக்கொண்டு போகிறது. முழுக்க நிரப்பிய டிஸ்க்கில் விரல் படுவதும் கீறுவதும் எழுத்துப் பிழை வருவதும் பெரும்பாலும் வெளி ஓரத்தில்தான். நடந்த வரிசைப்படி போட்டால் தாலி அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடும். முகூர்த்தம் முடிந்ததும் தானாக ரிசப்ஷனுக்குப் போகும்படி அமைத்துவிட்டேன். அத்தை எழுந்திருக்க வேண்டியதில்லை. ரிமோட்டில் நேரே தாவிப் போக, கெட்டிமேளத்துக்குப் பத்து நொடி முன்னால் ஒரு சாப்டர் புள்ளியும் வைத்தேன்.

படி 8: எழுதுதல்

நேரே டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐ.எஸ்.ஓ. ஃபைலாக (முழு டிஸ்க்கின் நகல் ஒரே ஃபைலாக) எடுத்து, வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயர் மென்பொருளில் திறந்து பாருங்கள். விண்டோஸில் அதன் அளவு 4.2 முதல் 4.3 ஜிபிக்குள் இருந்தால் சரி. 4.35-ஐத் தாண்டினால் பிட்ரேட்டை நூறு நூற்றைம்பது குறைத்து மறுபடி என்கோட் செய்யுங்கள்.

டிஸ்க்கில் எழுத இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள். வேகம் 8 எக்ஸ் போதும், 16 எக்ஸ் வேண்டாம். எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வேலையை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். கொஞ்சம் கோணினாலும் சுற்றும்போது தட்டு ஆடும், வெயிலில் பசை உரிந்தால் பிளேயருக்குள்ளேயே சிக்கும். டிஸ்க்குக்கென்று விற்கும் மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதினால் போதும்.

இந்த முறை அத்தை தாலி கட்டும் இடத்தை மூன்று தடவை பார்த்தார். பறக்கும் அட்சதை கொஞ்சம் குழைந்துதான் தெரிந்தது, ஆனால் பெண்ணின் முகம் உடையவில்லை. ரிசப்ஷன் ஓடும்போது அடுக்களைக்குப் போய்விட்டார். மறுவாரம் சம்பந்தி வீட்டுச் சித்தப்பா போன் செய்தார். நான் வெட்டிய 25 நிமிடத்தில் அவர் பந்தி விசாரித்துக்கொண்டு நடந்த காட்சி இருந்ததாம். அவருக்கு மட்டும் வெட்டாத வீடியோவைப் பழையபடி இரண்டு தட்டாகப் போட்டுக் கொடுத்தேன்.